டேப்பை மூடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கணினி மென்பொருள் வாங்கியவர்களின் கடிதங்கள் இந்த முறை. பெரும்பாலானோர் மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான்: திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்துக்கும் ஒன்றாக, திரையின் மேல் விளிம்பில் வரிசையாக நிற்கும் டேப்கள் (tabs).

கேள்வி: சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஏஜென்ட் விற்ற பில்லிங் மென்பொருளில் நாலைந்து பில்லை ஒன்றாகத் திறக்கலாம். ஆனால் எல்லா டேப்பிலும் ‘புதிய பில்’ என்றே இருக்கிறது. பெயிண்ட் வாங்கியவர் பில்லில் வேறொருவரின் சிமென்ட் மூட்டை ஏறிவிட்டது. “பார்த்துப் போடக் கூடாதா?” என்கிறார் ஏஜென்ட்.

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே சொல்வதுதான் டேப்பின் முதல் வேலை. உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் பெயர் ஒட்டாமல் வைத்துவிட்டு, சமைத்தவரைத் திட்டுவதா? டேப்பில் வாடிக்கையாளர் பெயர் வர வேண்டும், சேமிக்காத பில்லுக்குத் தனி அடையாளம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டெமோவில் ஒரே ஒரு பில்லைத்தான் காட்டினார் என்றால் அதையும் எழுதுங்கள். பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் கடை என்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஃபோல்டர்களை டேப்களாகத் திறக்க ஒரு மென்பொருள் 1,900 ரூபாய். என்னிடம் விண்டோஸ் 11 இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஃபோல்டர்களைத் திறக்க விண்டோஸோடு வரும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலேயே 2022-ல் டேப் வந்துவிட்டது. அப்டேட் போடுங்கள்.

கேள்வி: ஒரு மென்பொருளை 30 நாள் இலவசமாகத் தந்தார்கள். திறந்து பார்க்க நேரமில்லை. ஓராண்டுச் சந்தா கட்டிய பிறகுதான், ஒவ்வொரு கோப்பும் டேப்பாக இல்லாமல் தனித்தனி விண்டோவாகத் திறப்பது தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: 30 நாளில் ஒரு பத்து நிமிடம் கிடைக்கவில்லையா? உங்களை யாரும் ஏமாற்றவில்லை. ரீஃபண்ட் விதி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், இல்லாவிட்டால் சந்தா தானாகப் புதுப்பிப்பதையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: டேப் நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: மூடிப் பாருங்கள். திறப்பதை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுகிறார்கள், மூடுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு பிடிஎஃப் மென்பொருளுக்கு நான் 6,500 ரூபாய் கொடுத்தேன். கடைசி டேப்பை மூடினால் ஒரு வார்த்தை கேட்காமல் மென்பொருளே மூடிக்கொள்ளும். ஒரு மாலை முழுக்க எழுதிய குறிப்புகள் அப்படித்தான் போயின. விற்ற நிறுவனம் என் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு க்ரோம் பிரவுசரைப் பாருங்கள். பத்து டேப் திறந்து, நடுவில் உள்ள ஒன்றின் பெருக்கல் குறியை மவுஸால் அழுத்துங்கள். மற்ற டேப்கள் உடனே அகலமாகிவிடாது. அடுத்த டேப்பின் பெருக்கல் குறி நகர்ந்து உங்கள் மவுஸ் முனைக்குக் கீழேயே வந்து நிற்கும். கையை அசைக்காமல் ஐந்தை மூடலாம். மவுஸை விலக்கிய பிறகுதான் அகலம் சரியாகும். டேப்கள் நெருக்கமாகிவிட்டால், பார்த்துக்கொண்டிருக்கும் டேப்பில் மட்டும் பெருக்கல் குறி இருக்கும். வேறொன்றைத் தேர்ந்தெடுக்கப் போய்த் தவறி மூடிவிடக் கூடாதே என்பதற்காக. ஒரு பக்கத்திலிருந்து இணைப்பைத் திறந்து, படித்ததும் மூடினால், புறப்பட்ட பக்கத்துக்கே திரும்புவீர்கள். இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து, நம் கை எங்கே போகும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். இலவச பிரவுசரில் கிடைக்கும் இந்த அக்கறையை, ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் நாம் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: கீபோர்டில் கண்ட்ரோல் விசையுடன் டேப் (Tab) விசையை அழுத்தினால் ஒரு மென்பொருளில் பக்கத்து டேப் வருகிறது, இன்னொன்றில் கடைசியாகப் பார்த்த டேப் வருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. இரண்டு கோப்புகளுக்கு இடையே மாறி மாறி வேலை செய்பவருக்கு இரண்டாவது வழி வசதி. ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் அமைப்புகளில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். வாங்கப்போகும் மென்பொருளிலும் அப்படி ஒரு தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பென்ஷன் படிவத்துக்காகத் திறந்து வைத்திருந்த பக்கங்கள் கைதவறி மூடிவிட்டன. சர்வீஸ் கடையில் ‘டேட்டா மீட்டதாக’ 600 ரூபாய் வாங்கினார்கள். பில் இருக்கிறது. நியாயமா?

பதில்: அநியாயம் அம்மா. பிரவுசரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் மூடிய டேப் திரும்பி வரும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தையதும் வரும். ‘டேட்டா மீட்பு’ என்று பில்லில் எழுதியிருந்தால் அதைக் காட்டி என்ன மீட்டார்கள் என்று கேளுங்கள், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் உங்களுக்கும் 1915 உண்டு. தினமும் தேவைப்படும் பக்கத்தின் டேப்பில் வலது கிளிக் செய்து ‘பின்’ (Pin) பண்ணி வையுங்கள். பெருக்கல் குறியே இருக்காது, கைதவறி அதை அழுத்தி மூடிவிடும் பயம் இல்லை.