கம்பளி உருண்டைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் இளைய மகனுக்கு நான்கு வயது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஓயாத அரிப்பு. மருத்துவர் சொன்னதால் துணிக்குப் போடும் கண்டிஷனரை நிறுத்தினோம். இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக டிரையரில் கம்பளி உருண்டைகளைப் போடுகிறேன் (எங்கள் வீட்டில் துணி என் பொறுப்பு). மூன்று போதுமா, ஆறு வேண்டுமா? உலரும் நேரம் பாதியாகக் குறையும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, உண்மையா? பாலியஸ்டர் துணிகள் இன்னமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படபடக்கின்றன.

பெரிய சிக்கல் வேறு. துணியில் வாசனையே இல்லை, துவைத்த மாதிரியே தெரியவில்லை என்று பதின்மூன்று வயது மகள் முகம் சுளிக்கிறாள். என் மாமியாரும் அவள் கட்சி. உருண்டைகளில் சில சொட்டு லாவெண்டர் எண்ணெய் விட்டால் போதும் என்று படித்தேன். அது இயற்கையானதுதானே? அல்லது இயற்கை என்ற பெயரில் நான் ஏமாந்துகொண்டிருக்கிறேனா? மாமியார் உங்கள் வாசகி. நீங்கள் சொன்னால் கேட்பார்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கேள்விகளில் பாதிக்கு டிரையரோடு வந்த கையேடே பதில் சொல்லும். "துவைத்த மாதிரியே தெரியவில்லை" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அண்மையில் ஒரு நீண்ட பயணத்தில் என் பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர் இருந்தார். கைபேசியை எடுக்க, கண்ணாடியைத் துடைக்க, தண்ணீர் குடிக்க என்று அவர் கையைத் தூக்கிய போதெல்லாம் சட்டையிலிருந்து பூ வாசனை குப்பென்று அடித்தது. மிக நல்ல பிள்ளை, இறங்கும்போது என் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வாசனை எதை நிரூபிப்பதற்காக என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். குறைந்த துணிக்கு மூன்று, நிறைந்த துணிக்கு ஆறு. டிரம்மைத் திணித்து அடைத்துவிட்டால் பத்து போட்டாலும் பயனில்லை. உருண்டை மேலே ஏறி விழ இடம் வேண்டும். நேரம் பாதியாகுமா என்றால், ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கும் சற்று அதிகமான வெப்பம் தேவை. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் தண்ணீர் அந்தக் கணக்கில் தள்ளுபடி தராது. உருண்டைகள் துணிகளைப் பிரித்துவிடுகின்றன, போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஈரத்துக்குச் சூடான காற்று போக வழி கிடைக்கிறது, அதில் கொஞ்சம் நேரம் மிச்சமாகலாம். அவசரம் என்றால் துவைக்கும் இயந்திரத்தில் பிழியும் வேகத்தைக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த ஐந்து கிலோ பருத்தித் துணியில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீர் மிஞ்சும். 1400 சுற்றில் இரண்டரை லிட்டர்தான். பாலியஸ்டரின் படபடப்புக்குக் காரணம் அளவுக்கு மீறி உலர்த்தும்போது துணியில் சேரும் மின்னேற்றம். அதைத் தனியாகப் போட்டு, முன்னதாக எடுத்துவிடுங்கள். கம்பளி அந்த மின்னேற்றத்தை விழுங்கிவிடும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

இயற்கை என்ற பெயரில் ஏமாறுகிறீர்களா? கொஞ்சம் ஏமாறுகிறீர்கள். நீங்கள் நிறுத்திய கண்டிஷனர் எதிலிருந்து வந்தது தெரியுமா? அந்தப் புட்டிகளில் பல காலம் முக்கியப் பொருளாக இருந்தது மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்த ஒரு நான்கிணைய அம்மோனியச் சேர்மம். மூலத்தைப் பார்த்தால் அதுவும் இயற்கைதான். எளிதில் மட்காமல் நீரில் தங்கிவிடுகிறது என்பதால் 1990களில் ஐரோப்பாவில் அதைக் கைவிட்டு, விரைவில் சிதையும் வேறு வகைக்கு மாறினார்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விடுங்கள். துணியில் என்ன செய்கிறது, தோலில் என்ன செய்கிறது, கடைசியில் எங்கே போகிறது என்று கேளுங்கள். உங்கள் மகனின் கழுத்து இதில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. அதற்குமேல் உங்களுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

உருண்டைகளை எனக்குப் பிடிக்கும், ஆனால் வேறொரு காரணத்துக்காக. பழையது ஒன்றைக் கூர்மையான கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வீட்டில் கம்பளி நூலைச் சுற்றிச் செய்ததாக இருந்தால், நடுவில் நூலின் சுற்றுகள் தெளிவாகத் தெரியும். வெளியே வர வர அவை மங்கும். விளிம்பில் நூல் என்பதே இருக்காது, நகம் இறங்காத ஒரே திரளாக இறுகியிருக்கும். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்தபடி அடுக்கியவை. சூடும் ஈரமும் அலைக்கழிப்பும் சேரும்போது இழை வேர்ப்பக்கமாக மட்டும் நகர்கிறது. பின்னால் வரச் செதில் விடுவதில்லை. அதனால்தான் பெரியவரின் ஸ்வெட்டரை வெந்நீரில் சுழற்றினால் பேரனுக்குப் பொருந்தும் அளவில் வெளியே வருகிறது, எந்த மந்திரத்தாலும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அந்த விபத்தை வேண்டுமென்றே செய்தால் உருண்டை. நீங்களே செய்வதாக இருந்தால், இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிப்பிட்ட நூலை வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் செதில்களைக் குளோரினால் மழுக்கி மேலே பிசின் பூசியிருப்பார்கள். எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் இறுகாது.

மென்மைக்கும் கண்டிஷனர் அவசியமில்லை. கொடியில் காய்ந்த பருத்தித் துண்டு ஏன் விறைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடி, 2020ல் ஒரு விடை வெளியிட்டார்கள்: காய்ந்த பின்னும் இழைகளின் மேல் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் மிகச் சிறிதளவு நீர், இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அசைந்துகொண்டே உலரும் துண்டில் அந்தப் பிணைப்புகள் நிலைப்பதில்லை. டிரையரின் சுழற்சியே அந்த வேலையைச் செய்கிறது. உருண்டைகள் தம் பங்குக்கு நாலு அடி கூடுதலாகப் போடுகின்றன. கொடியில் உலர்த்துபவர்கள் எடுக்கும்போது நன்றாக உதறினாலே பாதி விறைப்பு போய்விடும்.

சரி, வாசனை.

கல்லூரி விடுமுறைகளில் நான் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன். மடிக்கும் மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு அக்கா நிற்பார். அவரைத் தாண்டித்தான் எந்தத் துணியும் வார்டுக்குப் போக வேண்டும். உலர்ந்து வந்த துண்டை முகத்தருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். ஒன்றும் தெரியவில்லை என்றால் மேசைக்கு. ஏதாவது தெரிந்தால், அது சோப்பு வாசனையாகவே இருந்தாலும், திரும்பக் கூடைக்கு. சோப்பு வாசனை நல்லதுதானே அக்கா, என்று ஒருநாள் கேட்டேன். "அலசல் போதவில்லை என்று அர்த்தம் தம்பி. காயம் பட்ட உடம்பில் படப்போகிற துணி இது" என்றார், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஒருமுறை யாரோ நன்கொடையாகத் துண்டுகள் கொடுத்திருந்தார்கள். வீட்டில் கண்டிஷனர் போட்டுத் துவைத்து, அழகாக மடித்து, மணக்க மணக்க வந்தன. எனக்கு அவை பெரும் சீதனமாகத் தெரிந்தன. அக்கா விரலை நீரில் நனைத்து ஒரு துண்டின்மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு உருண்டையாக நின்றது. ஓரங்கள் பளபளத்தன. வெகுநேரம் கழித்து, மனமில்லாமல், மெல்ல உள்ளே இறங்கியது. பக்கத்தில் எங்கள் பழைய துண்டு, நிறம் வெளுத்து ஓரம் பிரிந்தது. அதன்மேல் விட்ட சொட்டு விழுந்த கணமே காணாமல் போனது. "இது துடைக்கும். அது தடவும்" என்று சொல்லிவிட்டு மொத்தக் கட்டையும் மறுபடி துவைக்க அனுப்பினார்.

பிற்பாடு படித்தபோது அந்தச் சொட்டு ஏன் நின்றது என்று புரிந்தது. கண்டிஷனரில் இருக்கும் அந்த அம்மோனியச் சேர்மத்தின் ஒரு முனை நேர் மின்னேற்றம் கொண்டது, பருத்தியைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை கொழுப்பு, அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரலுக்கு வழுக்கலாக, பட்டுப்போல இருப்பது அந்தக் கொழுப்புப் படலம்தான். தண்ணீரைத் துண்டுக்குள் விடாமல் தயங்க வைப்பதும் அதுவே.

இப்போது சொல்லுங்கள், துவைத்தது என்று எப்படித் தெரிய வேண்டும்? துணி நாறுவது அழுக்கின் மேல் வாழும் நுண்ணுயிர்களால். நன்கு காயாத துணியில் வரும் அந்த ஈரக்கந்தல் நெடிக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012ல் கண்டறிந்து எழுதினார்கள். உடலின் எண்ணெயும் செத்த தோலும் இழையில் மிஞ்சினால் அதற்குச் சாப்பாடு. அதன்மேல் ரோஜா வாசனையைப் பூசினால் பாக்டீரியாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. உங்களுக்குத்தான் நட்டம், அலசல் போதாததைக் காட்டிக்கொடுக்க இருந்த ஒரே சாட்சியின் வாயை அடைத்துவிட்டீர்கள். அதற்கும் மேலே போய், வாசனையை நுண்ணிய உறைகளில் அடைத்து இழைகளில் ஒட்டவைக்கிறார்கள். துணி உரசும்போதெல்லாம் சில உறைகள் உடையும். கை தூக்கும்போதெல்லாம் என் பக்கத்து இருக்கை இளைஞர் பூத்துக் குலுங்கியதன் ரகசியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 2023ல் ஐரோப்பிய ஒன்றியம் நுண்நெகிழிகளுக்கு விதித்த தடையில் சிதையாத நெகிழியாலான இந்த உறைகளும் வருகின்றன, ஆறு ஆண்டு அவகாசத்தோடு. இன்னொரு கொடுமை, மூக்கு வெகு சீக்கிரம் பழகிவிடும். அந்த இளைஞருக்குத் தன் சட்டை மணப்பதே தெரிந்திருக்காது. தெரியாததால் அடுத்த முறை ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவார். வாசனையை நிறுத்திய சில வாரங்களுக்கு எல்லாமே வெறுமையாகத் தோன்றும். உங்கள் வீடு இப்போது இருப்பது அந்த இடத்தில்தான். பொறுங்கள்.

அந்த வெறுமையை லாவெண்டரால் நிரப்பப் பார்க்கிறீர்கள். இதற்காக உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். ஒரு குழந்தையின் தோலைக் காப்பாற்ற ஒரு வாசனைப் புட்டியை வெளியே போட்டுவிட்டு, இன்னொன்றைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவீர்களா? லாவெண்டர் எண்ணெயில் லினலூல் என்ற வாசனைப் பொருள் நிறைய உண்டு. காற்று பட்டுப் பட்டு அது மாறும்போது உண்டாகும் பொருட்கள் தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. செடியிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று உங்கள் மகனின் முழங்கை மடிப்பு விசாரிக்காது. தவிர, எண்ணெய் எரியும். சூடான டிரம்முக்குள் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டு அனுப்ப ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்பதே எனக்குப் புரியவில்லை. நூல்தூசி வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துடையுங்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் என் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். பதின்மூன்று வயதில் ஒரு பெண் "துணியில் வாசனை இல்லை" என்று சொன்னால் அவள் பெரும்பாலும் துணியைப் பற்றிப் பேசவில்லை. உடம்பு மாறுகிற வயது. தன்னிடமிருந்து ஏதாவது நெடி வருகிறதோ, பக்கத்தில் உட்காருபவள் நகர்ந்துகொள்வாளோ என்ற பயம். இத்தனை நாள் கண்டிஷனர் அவளுக்குக் கவசமாக இருந்தது. நீங்கள் தம்பிக்காக அதைப் பிடுங்கிவிட்டீர்கள், அவளிடம் கேட்கவில்லை. இதைத் தனியாக உட்கார்ந்து அவளோடு பேசுங்கள், அல்லது அவள் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். விளையாட்டு உடை பாலியஸ்டராக இருந்தால் வியர்வை நெடி பருத்தியைவிட அதில் அதிகம் தங்கும். உட்புறம் வெளியே வரத் திருப்பி, ஊறவைத்துத் துவைக்க வேண்டும், கழற்றிய கையோடு. பைக்குள் சுருட்டி வைத்து மூன்றாம் நாள் எடுக்கக் கூடாது. உடம்புக்கு வாசனை வேண்டுமென்றால் உடம்பில் போட்டுக்கொள்ளட்டும், தம்பியின் தலையணை உறையில் வேண்டாம்.

மாமியாருக்கு நான் எதுவும் சொல்வதாக இல்லை. என்னை உங்கள் வீட்டு நடுவராக்கப் பார்க்காதீர்கள். ஆனால் அவர் நினைவில் இருப்பது வெயிலில் காய்ந்த துணியின் மணம் என்றால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2020ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் துண்டுகளை வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் உலர்த்தி ஒப்பிட்டார்கள். வெயிலில் காய்ந்ததில் மட்டும் ஆல்டிஹைடு, கீட்டோன் எனப்படும் மணமுள்ள சேர்மங்கள் சில உண்டாகியிருந்தன. அந்த மணம் கற்பனை அல்ல. வெயில் உள்ள நாளில் அவருடைய போர்வையை மட்டுமாவது கொடியில் போடுங்கள், உருண்டைகள் கோபித்துக்கொள்ளாது.

லாவெண்டர் எண்ணெயை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்று கடிதத்தின் தொனியே சொல்கிறது. யாருக்காவது கொடுத்துவிடுங்கள், சிறு பிள்ளைகள் இல்லாத வீடாகப் பார்த்து.