பாசிக்குப் போகாத நாட்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஊர் தங்கச்சிமடம். படிப்பு முடித்ததிலிருந்து சென்னையில்தான் இருக்கிறேன், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தலைக்குள் எப்போதும் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்று வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து, வாங்கியவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதா, அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுவதா, அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வருவதா, எல்லாமே இப்படித்தான். முடிவெடுத்த பிறகும் நிம்மதி இல்லை. மற்றது சரியாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

என் அப்பா நாட்டுப்படகில் போனவர். அவருக்கு இந்தக் குழப்பம் எதுவும் இருந்ததில்லை. கடலுக்குப் போவார், வருவார், சாப்பிட்டுத் தூங்குவார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்து எளிமையாக வாழ்ந்துவிடலாமா? மனம் தெளிய என்ன படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று தெரியாமல் என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். நன்றாகப் படிக்கிற பெண். அவள் அழுததையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

படிக்கப் புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. இப்போது இருக்கிற நிலையில் அதையும் நீங்கள் நடுராத்திரியில் உட்கார்ந்து தேடுவீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் எனக்குத் தெரியாது. தண்ணீர்க் கருவியை வாங்கியாகிவிட்டது. பழுதானால் பார்க்க உங்கள் தெருவில் ஆள் இருந்தால் அது நல்ல கருவிதான், விட்டுவிடுங்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. நாட்டுப்படகில் போனவருக்குக் குழப்பமே இருந்ததில்லை என்று எழுத எப்படி மனம் வந்தது? தங்கச்சிமடத்தில் பிறந்தவர் நீங்கள். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பெண்கடல் என்கிற பாக் நீரிணை, தெற்கே ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா. வாடைக்காற்று பிடித்தால் அந்தப் பெண்கடலே சீறும். கச்சான் காற்று அடிக்கும்போது ஆண்கடல் பக்கம் கால் வைக்க முடியாது. படகை எந்தக் கரையில் போடுவது, எப்போது மாற்றுவது, மாற்றினால் அந்தக் கரைக்காரர்கள் என்ன சொல்வார்கள், நண்டு வலையா சூடை வலையா, முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட்டால் விலை குறையுமே, வேறு ஆளிடம் போட்டால் நாளைக்கு யார் கடன் தருவார்கள்? இதற்கெல்லாம் மேலே 1974இல் இலங்கையோடு போட்ட கடல் எல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைக் காற்றோ நீரோட்டமோ தாண்ட வைத்துவிட்டால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். இத்தனையையும் யோசித்துவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்கிய மனிதரைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் தூங்கியதை எளிமை என்று எடுத்துக்கொண்டீர்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி இதையே எழுதுகிறீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் அவர் தூங்கினார் என்பது உண்மை, நீங்கள் தூங்கவில்லை என்பதும் உண்மை. அது ஏன் என்பதுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தது.

என் சின்னம்மா பாம்பன் பக்கம் பாசிக்குப் போனவர், கடற்பாசி எடுத்து விற்பதுதான் வேலை. விடிவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து, பழைய சேலையைக் கிழித்த துணியை விரல் விரலாகச் சுற்றுவார். ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. துணியின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்குவார். பத்து விரலும் முடிவதற்குள் வாயோரம் நூல் ஒட்டியிருக்கும். காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. கடலுக்கடியில் இருக்கிற பார்க்கல்லில் மரிக்கொழுந்துப் பாசி ஒட்டி வளரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, கையால் பறித்து எடுக்க வேண்டும். அந்தத் துணியையும் மீறிக் கல் கிழிக்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய அந்தக் காயங்களோடுதான் மத்தியானம் எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுப்பார். அந்தப் பாசியிலிருந்துதான் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கிற அகார் எடுக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கட்டுப்பாடு இறுக இறுக, பாசி எடுக்கப் போன பெண்கள் குற்றவாளிகளைப் போல விரட்டப்பட்டார்கள். கடலைப் பாழாக்குகிறார்கள் என்ற பேச்சு அவர்களை ரொம்பவும் சுட்டது. அதற்குப் பிறகு அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது, அதுவும் தண்ணீர் வற்றுகிற அமாவாசை பௌர்ணமியை ஒட்டி. இரும்பை வைத்துச் சுரண்டக் கூடாது, கையால் பறிக்க வேண்டும், அடி இருந்தால்தான் மறுபடி வளரும். வருடத்தில் கொஞ்ச காலம் பாசி வளர்வதற்காக யாருமே போகாமல் இருப்பது.  அவர்களில் ஒருவரான, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று தருகிற சீகாலஜி விருது 2015இல் கிடைத்தபோது ஊர் முழுக்கத் தெரிந்தது; அந்தப் பெண்கள் அதற்குப் பல காலம் முன்பே பேசிப் பேசித் தொண்டை கட்டியவர்கள்.

அந்தப் பேச்சு ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். போகக் கூடாத காலம். வியாபாரி பாசிக்கு விலையை ஏற்றிவிட்டார். ஒரு பெண்ணுக்கு மகனின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். நான் மட்டும் போய்விட்டு வந்துவிடுகிறேன், யாரும் தடுக்காதீர்கள் என்று அழுதார். இன்னொருவர், நீ போனால் நாளைக்கு எல்லாப் படகும் கிளம்பும் என்று கத்தினார். சின்னம்மாவும் கத்தினார். நாகரிகமாக ஒன்றும் நடக்கவில்லை, பழைய சண்டைகள் எல்லாம் வெளியே வந்தன. ஆனால் எழுந்து போகும்போது முடிவு இருந்தது: யாரும் போவதில்லை, கட்டணத்துக்குக் குழுச் சேமிப்பிலிருந்து கடன். அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த இடைவெளி முழுக்க, பாசிக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே சின்னம்மா வீட்டில் இல்லை. விலை ஏறியது, இறங்கியது, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு யோசிக்க வேறு எவ்வளவோ இருந்தது, மகள் கல்யாணம், முழங்கால் வலி, ஒழுகுகிற கூரை. அதற்கெல்லாம் தலையில் இடம் இருந்தது.

உங்கள் அப்பாவும் இப்படித்தான் இருந்திருப்பார். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டது எத்தனை அடிதடிக்குப் பிறகு என்பது உங்களுக்கே தெரியும். ஏட்டில் இருக்கிற அளவுக்கு அது கடலில் இல்லை என்ற மனத்தாங்கல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. இருந்தாலும் சில நாட்களை ஊரே சேர்ந்து தள்ளி வைத்திருந்தது. மீதி நாட்களுக்கும், வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பத்துப் பேர் கரையில் உட்கார்ந்து காற்றைப் பற்றிப் பேசித்தான் முடிவுக்கு வந்தார்கள். தப்பாகப் போனால் பத்துப் பேருக்கும் தப்பாகப் போகும். அதை ஒருத்தர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் புரட்ட வேண்டியதில்லை.

உங்களைப் பாருங்கள். ஒரு கருவியை உங்களிடம் விற்க ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் கூடி உட்கார்ந்து யோசிக்கிறார்கள். வாங்குவதற்கு நீங்கள் ஒருவர், நடுராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு. இதில் உங்களுக்கு மன உறுதி இல்லை, கவனம் இல்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். மன உறுதி உள்ளவரா என்று பார்த்தால் என் சின்னம்மாவும் அந்த விலையைத் தனியாகக் கேட்டிருந்தால் கிளம்பியிருப்பார். துணியெல்லாம் சுற்றித் தயாராகத்தான் இருந்தார், நான் பார்த்தேன்.

ஊர்க் கட்டுப்பாட்டைப் புகழ்கிறாள் இவள் என்று சிலர் எழுதுவீர்கள். ஊர் கூடி என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். காதலித்தவர்களை ஒதுக்கி வைத்ததும் ஊர் கூடித்தான், வயதுக்கு வந்ததும் என்னோடு படித்த பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் அப்படித்தான். அங்கே முடிவெடுத்தவர்கள் சிலர், அதைச் சுமந்தவர்கள் வேறு சிலர். பாசி எடுக்கிற பெண்கள் தங்கள் கூலியைத் தாங்களே நிறுத்தினார்கள். விரல் கிழிபட்டவர்கள் மட்டுமே அந்தக் கூட்டத்தில் பேசினார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

இனி உங்களுக்கு. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துப் பாருங்கள் தம்பி. மகள் வருகிறாள், அப்பா வருகிறார், அம்மா வருகிறார். உங்கள் மனைவி எங்கே? “எல்லாரும் தூங்கிய பிறகு” என்கிற இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அதே கடனை அவரும் கட்டுகிறார், அதே தண்ணீரைக் குடிக்கிறார், அந்தப் பிள்ளையைப் பெற்றவர். அவருக்குத் தெரியாமல் மூன்று வாரம் யோசித்துவிட்டு, முகம் தெரியாத எனக்கு எழுதுகிறீர்கள். இது எனக்குச் சரியாகவே படவில்லை. பெரிய செலவைப் பற்றிப் பேசுவதற்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், தனியாகத் தேடவும் வேண்டாம். சண்டை வரும். வரட்டும். பள்ளிக்கூடத்துக்கு, உங்கள் அடுக்குமாடியில் பிள்ளைகளை அனுப்புகிற நாலு தாய்மார்களிடம் கேளுங்கள். அவர்களில் இரண்டு பேரோடு உங்கள் மகள் சேர்ந்து போகிற பள்ளி எதுவோ அதில் சேருங்கள்.

ஊருக்கு வருவதை நான் தடுக்கவில்லை. வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எளிமைக்காக வராதீர்கள், இங்கே அது கிடைக்காது. தங்கச்சிமடத்திலும் எல்லார் கையிலும் அதே செல்பேசிதான் இருக்கிறது. பாசி எடுக்கிற பெண்ணின் மகளும் அதில் கல்லூரி தேடிக்கொண்டுதான் அழுகிறாள். அந்தப் பெண்ணை வருகிற சனிக்கிழமை அவள் அம்மாவோடும், மேலே படித்த இரண்டு பிள்ளைகளோடும் வரச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து பேசப்போகிறோம்.

அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வருவதா என்று யோசிக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவர் வரமாட்டேன் என்றால் அந்தக் கேள்வி அதோடு இறங்கிவிடும். வருகிறேன் என்றால் வீட்டுக்கும் கடனுக்கும் நீங்கள் போட்டு வைத்திருக்கிற கணக்கெல்லாம் மாறும், மனைவியோடு உட்கார்ந்து திரும்பப் போட வேண்டும். இன்றைக்கே போன் போடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம், படுத்துவிடுவார்.

அன்புடன்,
அக்கா