உலாவியில் திறக்கும் வெப் சர்வீஸ் ஜாவா கிளையன்டில் மட்டும் ஏன் தோற்கிறது?

டாம்கேட் 9 என்ற ஜாவா வலைச் சர்வரில் ஓடும் சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும்) சேவையை எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றிய பிறகு, சேவையின் விவரங்களையும் முகவரியையும் சொல்லும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு உலாவியில் ஒழுங்காகத் திறப்பதாகவும், அதே முகவரியை அழைக்கும் ஜாவா நிரல் மட்டும் "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" (சான்றிதழை நம்பகமான மூலம் வரை தொடர முடியவில்லை) என்ற பிழையோடு நின்றுவிடுவதாகவும் எழுதி, நிரலில் சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். எந்தச் சான்றிதழையும் ஏற்கும் ட்ரஸ்ட்மேனேஜர் (சான்றிதழைச் சோதிக்கும் ஜாவா பகுதி) ஒன்றை எழுதினால் பிழைச் செய்தி மறைந்துவிடும். ஆனால் நடுவில் புகுந்த ஒருவன் தானே தயாரித்த சான்றிதழைக் காட்டினாலும், உங்கள் நிரல் அவனிடமே கடவுச்சொல்லை ஒப்படைத்துவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் சர்வரில்தான் இருக்கும்.

சான்றிதழ் வழங்கும் அமைப்புகள் தங்கள் மூலச் சான்றிதழைக் கொண்டு நேரடியாக நமக்குக் கையொப்பமிடுவதில்லை. இடைநிலைச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டே கையொப்பமிடுகின்றன. ஆகவே, இணைப்பு தொடங்கும்போது சர்வர் தன் சான்றிதழோடு அந்த இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டாலும் பல உலாவிகள், முன்பே வேறொரு தளத்திலிருந்து பெற்று வைத்திருப்பதைக் கொண்டோ, சான்றிதழுக்குள் எழுதப்பட்டிருக்கும் முகவரியிலிருந்து தாமே இறக்கிக்கொண்டோ சமாளித்துவிடுகின்றன. ஜாவா, இயல்பான அமைப்பில், அவ்வாறு தேடிச் செல்வதில்லை. கையில் கொடுத்ததை வைத்து மூலச் சான்றிதழ் வரை போக முடியவில்லை என்றால் இணைப்பை மறுத்துவிடுகிறது. உலாவியில் திறப்பதை வைத்து அமைப்பு சரி என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஜாவாவோடு வரும் கீடூல் கட்டளையில் கீஸ்டோரின் (திறவுகோலும் சான்றிதழும் வைக்கும் கோப்பின்) விரிவான பட்டியலைக் கேட்டால், தனித்திறவுகோல் இருக்கும் பதிவுக்குக் கீழே சங்கிலியின் (நம் சான்றிதழிலிருந்து மேலே செல்லும் சான்றிதழ்த் தொடரின்) நீளம் காட்டப்படும். அது 1 என்று இருந்தால் இடைநிலைச் சான்றிதழ் சேர்க்கப்படவில்லை என்று பொருள். சான்றிதழ்களைக் கீஸ்டோரில் சேர்க்கும்போது, திறவுகோலை உருவாக்கிய அதே அலியாஸ் பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும். நான் முதன்முதலில் வேறு பெயரைக் கொடுத்துவிட்டேன். கீடூல் எந்த மறுப்பும் சொல்லாமல் அதைத் தனிப் பதிவாக வைத்துக்கொண்டது, டாம்கேட்டோ பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், 8.5 பதிப்பு முதல் டாம்கேட் பெம் (எழுத்து வடிவச் சான்றிதழ்) கோப்புகளை நேரடியாக ஏற்கிறது: அதன் அமைப்புக் கோப்பில், ஒரு போர்ட்டில் இணைப்புகளை ஏற்கும் பகுதியான கனெக்டருக்குள் எஸ்எஸ்எல்ஹோஸ்ட்கான்ஃபிக், அதற்குள் சர்டிஃபிகேட் என்று எழுதி, திறவுகோல், சான்றிதழ், சங்கிலி ஆகிய மூன்று கோப்புகளின் பாதைகளையும் தனித்தனியாகக் கொடுத்துவிடலாம். நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாட்கள் என்றும், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்றும் குறைக்கப்பட்டிருப்பதால், கையால் கீஸ்டோர் கட்டும் வழக்கம் இனி நெடுநாள் தாங்காது. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் இடைநிலைச் சான்றிதழ் மாறக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

உங்கள் நிறுவனமே வழங்கிய உள்சான்றிதழாக இருந்தால் மட்டும், சர்வரில் சங்கிலியைச் சரிசெய்வதோடு, கிளையன்டின் ட்ரஸ்ட்ஸ்டோரிலும் (அது நம்பும் மூலச் சான்றிதழ்களின் கோப்பிலும்) நிறுவனத்தின் மூலச் சான்றிதழைச் சேர்க்க வேண்டும். அதை ஜாவாவோடு வரும் கேசர்ட்ஸ் கோப்பிலேயே சேர்த்தால் அடுத்த ஜாவா மேம்படுத்தலில் காணாமல் போகலாம்; தனிக் கோப்பாக வைத்துச் சுட்டுவது நல்லது. ஆனால் அப்படிச் சுட்டிய கோப்பு இயல்பான ட்ரஸ்ட்ஸ்டோருக்கு மாற்றாகவே அமைகிறது என்பதால், அதே நிரல் பொதுச் சேவைகளையும் அழைத்தால் அவற்றுக்குரிய மூலச் சான்றிதழ்களும் அதில் இருக்க வேண்டும்.

நெறிமுறைப் பதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எச்டிடிபிஎஸ்-இன் குறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ்-இல் 1.2, 1.3 இரண்டையும் மட்டும் வையுங்கள், 1.0-உம் 1.1-உம் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டுவிட்டன.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பயன்பாட்டின் அமைப்பு விவரங்கள் இருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் டிரான்ஸ்போர்ட்-கேரண்டி என்ற இடத்தில் கான்ஃபிடென்ஷியல் என்று எழுதினால் எல்லாம் பாதுகாப்பாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். உண்மையில் அது செய்வது, குறியாக்கம் இல்லாத 8080 போர்ட்டுக்கு வந்த கோரிக்கைக்கு "எச்டிடிபிஎஸ் இருக்கும் 8443-க்குப் போ" என்று 302 (வேறு முகவரிக்குத் திருப்பும்) பதில் தருவது மட்டுமே. பக்கம் பார்க்க வரும் உலாவிக்கு அது போதும். சோப் கிளையன்டோ, அந்தப் பதில் வருவதற்கு முன்பே, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய முழுச் செய்தியையும் குறியாக்கம் இல்லாத வழியில் அனுப்பி முடித்திருக்கும்.

நான் பராமரித்த ஒரு சேவையில் இதுவே நடந்தது. ஜாவாவின் எச்டிடிபியுஆர்எல்கனெக்‌ஷன் எச்டிடிபி-யிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்குத் தானாகத் தாவாது என்பதால், எதிர்ப்பக்க நிரலாளர் 302 வந்தவுடன் புதிய முகவரிக்கு அதே செய்தியை மறுபடி அனுப்பும்படி எழுதிவிட்டார். எல்லாம் வேலை செய்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பல மாதங்கள் கழித்து, வேறொரு கோளாறுக்காக வயர்ஷார்க்கில் போக்குவரத்தைப் பார்த்தபோது, சோப் செய்தியில் பயனர் விவரம் தாங்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தலைப்பில் இருந்த கடவுச்சொல் எழுத்து எழுத்தாக என் திரையில் தெரிந்தது. ஒவ்வோர் அழைப்பிலும் முதலில் வெளிப்படையாக ஒரு முறை, பிறகு பாதுகாப்பாக ஒரு முறை என்று அது போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அந்த எச்டிடிபி முகவரி கிளையன்டுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தேடியபோது, டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலிருந்தே கிடைத்தது என்று தெரியவந்தது. டாம்கேட்டுக்கு முன்னால் ப்ராக்ஸியாக (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வராக) இருந்த என்ஜின்எக்ஸ் குறியாக்கத்தை அவிழ்த்து உள்ளே சாதாரண எச்டிடிபி-யாக அனுப்பியதால், டாம்கேட் தன்னை எச்டிடிபி சேவை என்றே எண்ணி, சோப் முகவரியையும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறது. நீங்களும் முன்னால் ப்ராக்ஸி வைத்திருந்தால், அது எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ (கோரிக்கை முதலில் எந்த நெறிமுறையில் வந்தது என்று சொல்லும்) தலைப்பைத் தானே எழுதி அனுப்புமாறும், டாம்கேட்டில் ரிமோட்ஐபிவால்வ் அதைப் படிக்குமாறும் அமைத்துவிட்டு, டபிள்யூஎஸ்டிஎல்-இன் கடைசிப் பகுதியில் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அதன்பின் 8080 கனெக்டரை நீக்கிவிடுங்கள். அதே இயந்திரத்தில் உள்ள ப்ராக்ஸிக்குத் தேவைப்பட்டால் 127.0.0.1 முகவரியில் மட்டும் கட்டி வையுங்கள். நீக்குவதற்கு முன், எந்தப் போர்ட்டில் வந்தது என்பதையும் பதியுமாறு அணுகல் பதிவேட்டை ஒரு வாரம் அமைத்துப் பார்த்தால், பழைய வழியில் இன்னும் யார் வருகிறார்கள் என்று தெரியும். அவர்களை முகவரி மாற்றச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கொடுத்த கடவுச்சொற்களை அன்றே புதிதாக மாற்றிக் கொடுங்கள்.