மரபணுக்கள் ஒன்றே, செல்கள் பலவாவது எப்படி?

கேள்வி: கருவுற்ற ஒரே முட்டை பிரிந்து பிரிந்து உடலாகிறது என்றால், எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தாமே இருக்க வேண்டும்? பிறகு நரம்புச் செல்லும் கல்லீரல் செல்லும் எப்படி வேறுபடுகின்றன? வேண்டாத மரபணுக்களை அவை இழந்துவிடுகின்றனவா?

பதில்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் ஏறக்குறைய நீங்கள் நினைப்பதுபோலத்தான் கருதினார். செல் பிரியும்போது மரபுப் பொருள் பங்கிடப்பட்டுக் குறைந்துகொண்டே போகிறது என்பது அவருடைய கொள்கை. உண்மையில், மனிதச் செல் பிரிவதற்கு முன்பே மரபணுக்களைத் தாங்கும் இழைகளான தன் 46 குரோமோசோம்களையும் படியெடுத்துக்கொள்கிறது. படிகள் இரு முனைகளுக்கும் ஒன்றுபோல இழுக்கப்படுவதால் இரு சேய்ச்செல்களும் முழுத் தொகுதியையும் பெறுகின்றன.

இதை ஐயமறக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய உயிரியலாளர் ஜான் கர்டன். தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை (குரோமோசோம்கள் அடங்கிய பகுதியை), புற ஊதாக் கதிரால் சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் அவர் செலுத்தினார். பெரும்பாலான முட்டைகள் வளரவில்லை. ஆனால் சில முட்டைகள் நீந்தும் தலைப்பிரட்டைகளாகவே வளர்ந்தன என்று 1962இல் அவர் வெளியிட்ட முடிவு, குடல் செல்லின் உட்கருவில் கண்ணுக்கும் தசைக்கும் மூளைக்கும் உரிய மரபணுக்கள் அப்படியே இருந்தன என்பதற்குச் சான்றாயிற்று. உயிரியலில் இவ்வளவு தெளிவாக விடை தந்த சோதனைகள் அரிது என்றே கருதுகிறேன்.

ஆகவே வேறுபாடு, புரதங்களுக்கான சுமார் 20,000 மரபணுக்களில் எவை செயல்படுகின்றன என்பதில்தான் இருக்கிறது. அண்டைச் செல்கள் அனுப்பும் வேதிச் செய்திகளும், முட்டையின் உள்ளே சீராகப் பரவாத பொருள்களும் சில கட்டுப்பாட்டுப் புரதங்களைத் தூண்டுகின்றன, அவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு சில மரபணுக்களை இயக்குகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. அடக்கப்பட்ட பகுதிகளில் பதியும் மெத்தில் எனும் சிறு வேதி அடையாளங்கள் செல் பிரியும்போது படியெடுக்கப்படுவதால், கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே கிடைக்கிறது. நரம்புச் செல்களோ முதிர்ந்தபின் பெரும்பாலும் பிரிவதே இல்லை.

நீங்கள் கேட்ட இழப்பு சில இடங்களில் மெய்யாகவே நிகழ்கிறது. நம் சிவப்பணுக்கள் முதிரும்போது உட்கருவையே வெளியேற்றிவிடுகின்றன. கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான எதிர்ப்பொருள்களை உருவாக்கும் வெள்ளணுக்களோ அதற்குரிய மரபணுத் துண்டுகளை வெட்டி, இடையிலுள்ள பகுதியை நீக்கி, புதிதாக இணைத்துக்கொள்கின்றன. எண்ணற்ற வகைக் கிருமிகளை அடையாளம் காணும் திறன் உடலுக்குக் கிடைப்பது இதனால்தான்.