நாடாவும் கத்தரிக்கோலும்: 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கேள்வி-பதில்

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் 1973 ஆல்பம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

'மணி' பாட்டின் தொடக்கத்தில் வரும் காசுச் சத்தம் கம்ப்யூட்டரில் செய்ததா?

இல்லை, முழுக்கக் கைவேலை. குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்டம் செய்யும் இடத்தில் இருந்த ஒரு கிண்ணத்தில் சில்லறையை வீசிப் பதிவு செய்தார். காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று வேறு சத்தங்களும் சேர்ந்தன. அப்புறம் ஒலிநாடாவை ஸ்கேல் வைத்து அளந்து, இந்தச் சத்தங்கள் உள்ள ஏழு துண்டுகளை ஒரே நீளத்தில் வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். ஒரு துண்டு கொஞ்சம் நீண்டிருந்தாலும் தாளம் இடறியிருக்கும். பாட்டும் அதே ஏழு எண்ணிக்கையில்தான் நடக்கிறது. தொடையில் மிஸ்ர சாபு போட்டுப் பாருங்கள், சரியாக உட்காரும். டிக் பாரியின் சாக்ஸபோன் முடிந்து டேவிட் கில்மோரின் கிடார் எழும்பும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறிவிடும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் சிலிர்க்கும்.

'டைம்' பாட்டில் அத்தனை கடிகாரங்கள் எங்கிருந்து வந்தன?

பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் கடையிலிருந்து. ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் வேறொரு சோதனைக்காக ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தார்.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் சொல்லே இல்லாமல் பாடுவது யார்?

கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். முதலில் 'பேபி, பேபி' என்று ஆரம்பித்தார். சொற்கள் வேண்டாம் என்றார்கள். சரி, குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொள்வோம் என்று பாடினார். கூலி 30 பவுண்டு. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ அழகுதான். ஆனால் அதன் மேல் ஏறி இறங்கும் மெட்டு முழுக்க டோரியுடையது. 2004-ல் வழக்குத் தொடர்ந்தார், 2005-ல் சமரசம் ஆனது. இப்போது இசையமைத்தவர்களாக இருவர் பெயரும் வருகிறது. முதல் நாளே வந்திருக்க வேண்டிய பெயர் அது.

ஆல்பத்தின் முடிவில் கேட்கும் பேச்சுக்குரல் யாருடையது?

அபே ரோடு ஸ்டூடியோவின் வாயில்காப்பாளர் ஜெரி ஓ'டிரிஸ்கால். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஸ்டூடியோவில் இருந்தவர்களிடம் பதில் வாங்கினார். பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னி கூடப் பேசினார், அது ஆல்பத்தில் சேரவில்லை. நிலவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றில்லை, எல்லாமே இருட்டுதான் என்று ஜெரி சொன்னது நின்றுவிட்டது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். அவர் குரலுக்குப் பிறகும் இதயத்துடிப்பு போல ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். அது குழுவின் டிரம்மர் நிக் மேசனின் பாஸ் டிரம்.