வாங்குநர் ‘பென்சில்ட் இன்’ என்று எழுதினால் கன்டெய்னர் பதிவு செய்யலாமா?

கேள்வி: ஈத்தாமொழி அருகே, தென்னைநார்க் கழிவைக் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். நவம்பர் இரண்டாம் வாரத்தை ‘பென்சில்ட் இன்’ செய்திருப்பதாகவும், அளவைப் பொறுத்தவரை ‘பிளே இட் பை இயர்’ என்றும், அதற்குள் எங்கள் ‘டக்ஸ் இன் எ ரோ’ ஆகிவிட வேண்டும் என்றும் இங்கிலாந்து வாங்குநர் எழுதியிருக்கிறார். இதை உறுதியான ஆர்டராகக் கொண்டு தூத்துக்குடியில் கன்டெய்னர் பதிவு செய்யச் சொல்லலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மூன்று தொடர்களும் முன்னேற்பாட்டைப் பற்றியவைதாம். ஆனால் அவற்றில் ஒன்றுகூட வாக்குறுதி அன்று. நாட்குறிப்பில் பென்சிலால் எழுதியதை அழித்துவிடலாம் என்பதிலிருந்து பிறந்தது முதல் தொடர். தேதி தற்காலிகமானது, மாறினால் வருத்தப்படக் கூடாது என்பதே அதன் பொருள். இசைக்குறிப்பைப் பார்க்காமல் காதால் கேட்டே வாசிப்பதிலிருந்து வந்தது இரண்டாவது. நம்மவர் ‘அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வதற்கு இது மிக நெருக்கமானது. ஆகவே தேதியும் உறுதியில்லை, அளவும் உறுதியில்லை. இதை நம்பி முன்பணம் கட்டுவதை எந்த முதலாளியும் ஏற்கமாட்டார்.

மூன்றாவது தொடர்தான் உங்களுக்கு உண்மையில் வேலை வைக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக்கித் தயார்நிலையில் இருங்கள் என்பதே அதன் பொருள். உங்கள் தொழிலில் அது உப்பு நீங்கக் கழுவிய சரக்கின் இ.சி. (மின்கடத்துதிறன், அதாவது எஞ்சிய உப்பைக் காட்டும் அளவு) சோதனை அறிக்கை, தாவர நலச் சான்றிதழுக்கான ஏற்பாடு, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ஆகியவற்றைக் குறிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓங்கும் நவம்பரில் களத்தில் எதையும் காயவைப்பது கடினம் என்பதால், உலர்த்தும் வேலையை அக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவைப்பதும் இதில் சேரும். இவற்றை ஆர்டர் உறுதியாகும் முன்பே தொடங்கலாம். வேறொரு வாங்குநர் வந்தாலும் பயன்படும்.

தேதியை மாற்றும் தொடர்களில் கூடுதல் கவனம் தேவை. ‘புஷ் பேக்’ என்றால் தள்ளிவைப்பு. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றால் முன்கூட்டியே நடத்துவது. ‘மூவ் ஃபார்வர்ட்’ என்று வந்தால் முன்னா பின்னா என்பதில் ஆங்கிலேயர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. நாம் சாதாரணமாக எழுதும் ‘பிரீபோன்’ இந்திய ஆங்கிலம். வெளிநாட்டவர் பலருக்கு அது விளங்காது.

அமெரிக்க வாங்குநரிடமும் எழுதுகிறீர்கள் என்றால் ‘டேபிள்’ என்ற வினைச்சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். பிரிட்டனில் அது ஒரு பொருளை உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசர அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்று கேட்க, அதை ஒத்திவைக்கக் கூடாது என்று அமெரிக்கத் தரப்பு மறுக்க, இரு தரப்பும் ஒன்றையே விரும்புகின்றன என்பது தெரியும்வரை நீண்ட வாக்குவாதம் நடந்ததாகச் சர்ச்சில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

மாதிரிச் சரக்கைப் பார்த்தபின் ‘பேக் டு த டிராயிங் போர்டு’ என்று பதில் வந்தால் உறவு முறிந்ததாகப் பதற வேண்டாம். முதலிலிருந்து மறுபடி திட்டமிடுவோம் என்றுதான் சொல்கிறார். 1941இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரம், நொறுங்கிய விமானத்தின் அருகிலிருந்து வரைபடச் சுருளோடு நடந்துபோகும் ஒருவரின் வாயில் இதை வைத்துப் பரவலாக்கியது.

இன்றே அவருக்கு ஒரு பதில் எழுதுங்கள். மரபுத்தொடர் எதுவும் கலக்காமல் மூன்றை மட்டும் கேளுங்கள்: ஏற்ற வேண்டிய நாள் எது, எத்தனை டன், உறுதியான கொள்முதல் ஆணையை எந்தத் தேதிக்குள் அனுப்புவார். பதிவுக்குத் தேவையான கால அவகாசத்தை ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் கேட்டு, அந்தக் கடைசித் தேதியையும் அதே மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள். கொள்முதல் ஆணை கைக்கு வந்தபின் கன்டெய்னரைப் பதிவு செய்யலாம்.