போட்ஸ்வானாவுக்கு வைரச் சுரங்கத்தில் பாதிப் பங்குதான், அப்புறம் லாபத்தில் 80 சதவீதம் எப்படி அரசுக்குப் போகிறது?

பங்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை வராது. சுரங்கங்களை நடத்தும் டெப்ஸ்வானா நிறுவனம், அரசுக்கும் டி பியர்ஸ் என்ற பன்னாட்டு வைர நிறுவனத்துக்கும் சரிபாதி. ஆனால் அரசு மூன்று முறை எடுக்கிறது. முதலில் கல்லின் மொத்த மதிப்பில் 10 சதவீதம் ராயல்டி. சுரங்கம் லாபம் பார்த்ததா இல்லையா என்பது இதற்குக் கணக்கில்லை. அடுத்தது லாபத்தின் மேல் வரி. வரி போக மிஞ்சுவதில் பங்குதாரராக ஈவுத்தொகை. இது தவிர, டி பியர்ஸ் குழுமத்திலேயே அரசுக்கு 15 சதவீதம் உண்டு.

இதற்கு அடித்தளம் 1967ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை இனக்குழு நிலங்களில் கனிம உரிமை அந்தந்தக் குழுவோடு இருந்தது. அதை அரசுக்கு மாற்றினார்கள். ஓராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அந்தப் பகுதி பாமங்வாட்டோ மக்களுடையது. முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா அவர்களுடைய தலைமைப் பட்டத்துக்குப் பிறந்தவர். சொந்தக் குலத்தின் உரிமையையே அவர் விட்டுக்கொடுத்த பிறகு மற்றக் குழுக்கள் முரண்டு பிடிப்பது கடினம். என் கணிப்பில் அந்த நாடு செய்த ஆகச்சிறந்த காரியம் இதுதான். சுரங்க நிறுவனத்தில் அரசின் பங்கு 1969இல் வெறும் 15 சதவீதம். 1975இல்தான் 50 ஆனது.

ஆனாலும் கட்டுப்பாட்டின் உயிர் மதிப்பீட்டில் இருக்கிறது. தங்கத்துக்கு அன்றாட உலக விலை உண்டு. கச்சா வைரத்துக்குக் கிடையாது. சுரங்கத்திலிருந்து வரும் கல்லைச் சுத்தம் செய்து, அளவு, வடிவம், தெளிவு, நிறம் என்று பிரித்தால் ஆயிரக்கணக்கான விலைப் பிரிவுகள் வரும். ஒரு கல்லை ஒரு படி கீழே வைத்தால் யாருக்கும் தெரியாது. 100 டாலர் கல்லுக்கு 90 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ராயல்டியில் போவது 1 டாலர்தான். ஆனால் விற்ற வருமானமே 10 டாலர் குறைகிறது, அதனால் லாபம் குறைந்து வரியும் ஈவுத்தொகையும் சேர்ந்து சரிகின்றன. அந்தப் பத்தும் வாங்குபவர் கைக்குப் போய்விடும். பெரும்பகுதியை வாங்குபவரும் டி பியர்ஸ்தான். அதனால்தான் அரசு தன் சார்பில் தனி மதிப்பீட்டாளர்களை உட்கார வைக்கிறது.

இன்னொரு பிடி, விற்பனை நடக்கும் ஊர். பல நாட்டுக் கற்களைத் தரம்வாரியாக ஒன்றுசேர்த்து விற்கும் வேலையை டி பியர்ஸ் லண்டனில் செய்துவந்தது. அரசோடு செய்த 2011 ஒப்பந்தத்தின்படி 2013இல் அது போட்ஸ்வானா தலைநகர் கபரோனுக்கு வந்தது. கூடவே அரசின் ஒகவாங்கோ வைர நிறுவனம் டெப்ஸ்வானா உற்பத்தியில் 15 சதவீதம் வரை நேரடியாக வாங்கி ஏலத்தில் விற்கத் தொடங்கியது. சந்தையில் உண்மையான விலை என்ன என்று அரசு தானே தெரிந்துகொள்ள அதுதான் வழி. அந்த அளவு 2020இல் 25 ஆனது. 2025 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 30இல் தொடங்கி 50 வரை போகிறது.

திருட்டைத் தடுப்பதும் இதில் அடக்கம். ஜ்வானெங் சுரங்கத்தில் உடைத்த பாறைத் துகள் எக்ஸ்ரே கதிருக்குக் கீழே ஓடும். வைரம் ஒளிர்ந்ததும் காற்றுப் பீச்சி அதைத் தனியே தள்ளிவிடும். மனிதக் கை கல்லில் படுவதே இல்லை. ஓராப்பா நகரைச் சுற்றி வேலி. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது.

வந்த பணத்துக்கும் ஒரு விதி வைத்தார்கள். கனிம வருமானம் பள்ளி, மருத்துவமனை, சாலை போன்ற முதலீட்டுக்கு மட்டும். மிச்சம் மத்திய வங்கியிடம் உள்ள புலா நிதியத்தில் வெளிநாட்டுச் சொத்தாகச் சேமிப்பு. புலா என்றால் மழை. நாணயத்தின் பெயரும் அதுவே. விதி காகிதத்தில் நல்லதுதான், சட்டக் கட்டாயம் இல்லை. வைரம் விற்காத ஆண்டிலும் சம்பளப் பட்டியல் குறையாது என்பதால் சேமிப்பில் கை வைக்க வேண்டி வருகிறது.

2023க்குப் பிறகு அதுதான் நடந்தது. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் மலிந்தது, சீனாவில் தேவை சுருங்கியது, டெப்ஸ்வானா உற்பத்தியைக் குறைத்தது. 2024 தேர்தலில் 58 ஆண்டு ஆண்ட கட்சி தோற்றதற்கு இந்தப் பண நெருக்கடியும் ஒரு காரணம். இந்த நேரத்தில் விற்பனையில் பாதியை அரசு தன் கைக்குக் கொண்டுவந்தால் விலை ஏறும்போது லாபம் முழுதாகக் கிடைக்கும். விலை விழும்போது, விற்காத கல்லைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு அதில் முடங்கிய பணத்துக்கு வட்டியும் அரசே கட்ட வேண்டும்.